நாலு பத்து ரயிலும் நாலாவது வால்வும்

வேலைக்குப் போன வீட்டில் தாக் தோசுன் முதலில் கேட்பது குளியலறை எங்கே என்றுதான். உள்ளே போய்க் காலுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடைத்து, வெறுங்காலோடு வெளியே வருவாள். ஜேச்சோன் ஊரில், பனி கொட்டும் ஜனவரி மாதத்தில் இப்படிச் செய்கிறவள் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை தோசுனாக இருக்க வேண்டும். அந்தக் காலோடு அறை அறையாக நடப்பாள். ஓரிடத்தில் நின்று குதிகாலை அழுத்துவாள், ஒரு முழம் தள்ளி நின்று மறுபடி அழுத்துவாள். சந்தேகம் வந்தால் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைப்பாள். வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் எங்கே வளைகிறது, எங்கே சூடு அறுந்துபோகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் பார்த்தால், ரிப்பேருக்கு வந்த அம்மாள் அசந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். ஒரு வீட்டில் போர்வையே கொண்டுவந்து போர்த்திவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் அவளும் கணவன் பியோங்தேயும் சேர்ந்துதான் போவார்கள். பாய்லர் கடை அவனுடையது; அவள் விளக்குப் பிடிக்கப் போனவள். ஒரு வீட்டில் கசிவைத் தேடி மூன்று இடத்தில் தரையை உடைத்தான் பியோங்தே. மூன்றும் தப்பு. காலுறை நனைந்துவிட்டதே என்று கழற்றிப் போட்டுவிட்டு நின்ற தோசுன், "இங்க உடைங்க" என்றாள். கசிவு அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து கண்டுபிடிப்பது அவள், உடைப்பது அவன் என்று ஆனது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, உடைக்கிற வேலை குறைந்துகொண்டே வந்தது. இப்போது பியோங்தே கடையில் சுத்தியலைத் துடைத்து வைத்துவிட்டு டீவி பார்க்கிறான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு குறையும் இல்லை, தொப்பைதான் சாட்சி.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடாமல் எந்த வீட்டுத் தரையிலும் சுத்தியல் வைக்க விடமாட்டாள். சோற்றுக்கு அலைகிறவள் என்று ஊரில் ஒரு பேச்சு. பேசட்டும். ரிப்பேர்க்காரியிடம் நின்றுகொண்டு பேசும்போது வீட்டுக்காரர்கள் பாய்லரைப் பற்றிப் பேசுவார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது வீட்டைப் பற்றிப் பேசுவார்கள் என்பது அவள் கண்டது. தவிர, அவளுக்குச் சாப்பிடப் பிடிக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டவர் மேங் மான்கில். ரயில் நிலையத்துக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வீடு. முப்பத்தாறு வருஷம் சிக்னல் அறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து நாலு. கேட்டுக்கு வெளியே பனியில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதரைன்னு சொன்னீங்க. ஒன்பது முப்பத்திரண்டு."

"பனி ஐயா. ரயிலே லேட்டாகுது."

"என் காலத்துல ஆகலை."

அவர் அவளை உடனே உள்ளே விடவில்லை. கைப்பிடியை இழுத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இதுவரைக்கும் மூணு பேர் வந்து பாத்தாச்சு. முதல் ஆளு குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு காத்தை எடுத்துவிட்டான். ரெண்டாவது ஆளு பம்ப்பை மாத்தினான். மூணாவது ஆளு படுக்கை அறைத் தரையை உடைக்கணும், சிமென்ட் காய மூணு வாரம் ஆகும்னுட்டான். அதைக் கேட்டுட்டு என் வீட்டுக்காரி சியோலுக்கு டிக்கெட் எடுத்துட்டா. மகன் வீட்டுக்கு. இன்னைக்கு நாலு பத்து ரயில்."

"நல்லதுதானே ஐயா. தரை சரியானதும் வந்துருவாங்க."

"வரமாட்டா." மான்கில் கேட்டின் மேலிருந்த பனியை விரலால் தட்டிவிட்டார். "ஸ்பூனையும் குச்சியையும் பெட்டில வெச்சுட்டா."

தோசுனுக்குப் புரிந்தது. துணிமணி எடுத்துவைக்கிறவள் ஊருக்குப் போகிறவள். தினம் தான் சாப்பிடும் ஸ்பூனையும் குச்சியையும் எடுத்துவைக்கிறவள் வேறு எங்கோ குடிபோகிறவள். தோசுன் கருவிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "குளியலறை எங்க இருக்கு?" என்றாள்.

அந்த வீட்டில் கேட்கவே வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் வெள்ளை டேப்பில் அச்சடித்ததுபோல் எழுதி ஒட்டியிருந்தது. குளியலறைக் கதவில் 'குளியலறை'. சுவிட்சுகளில் அந்தந்த விளக்கின் பெயர். அரிசி டப்பாவில் 'அரிசி'. அது அரிசி என்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. மனைவி ஓக்ரிம் ஒருத்திமேல்தான் ஒட்டவில்லை. அவள் கூடத்தில் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பெட்டி.

"வா தோசுன். உன்னைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். படுத்துப் பாப்பியாமே."

"தேவைப்பட்டா படுப்பேன்மா."

"படுக்கை அறையில மட்டும் படுத்துராதே. வெறச்சுப் போயிருவே."

தோசுன் கால் கழுவிக்கொண்டு நடந்தாள். கூடம் சூடு. மகன் இருந்த அறை சூடு. படுக்கை அறையில் கால் வைத்ததும் முழங்கால் வரை சில்லென்று ஏறியது. மூலைக்கு மூலை நடந்து பார்த்தாள். ஒரு சாண் இடம்கூடச் சூடில்லை. குழாய் உடைந்திருந்தால் உடைந்த இடம் வரையாவது சூடு வந்திருக்கும். இது சுத்தமாகச் செத்துக் கிடந்தது.

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்தாள். முள் கால் மணி நேரம் அசையவில்லை. கசிவு இல்லை. பிறகு சமையல் தொட்டிக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்து குனிந்தாள். பாய்லரிலிருந்து வரும் வெந்நீரை அறை அறையாகப் பிரித்து அனுப்பும் வால்வு வரிசை அங்கே இருந்தது. பித்தளை பளபளவென்று புதிது. நாலு வால்வு, நாலு டேப். இடமிருந்து வலமாக, 'படுக்கை அறை', 'கூடம்', 'மகன் அறை', 'கிம்ச்சி அறை'. கடைசியது முட்டைக்கோசு ஊறுகாயான கிம்ச்சியை ஜாடியில் வைக்கும் பின்னறை. முதல் மூன்றும் திறந்திருந்தன. நாலாவது மூடியிருந்தது. அதன் டேப் மட்டும் நீளம்: 'கிம்ச்சி அறை. குளிர்காலம் முழுதும் மூடியிருக்க வேண்டும். தொடாதீர்.'

"புதுசா மாட்டினதா ஐயா?"

"அக்டோபர் கடைசியில. பாய்லரும் இதுவும் சேர்த்து." மான்கில் பெருமையோடு குனிந்தார். "மாட்டின அன்னிக்கே நான் எழுதி ஒட்டிட்டேன். முப்பது வருஷமா ஒரே வரிசை. கிம்ச்சி போட்ட சாயங்காலம் பின்னறை வால்வை மூடிருவேன், ஜாடிக்குச் சூடு ஆகாது. மார்ச்சுலதான் திறப்பேன்."

தோசுன் 'படுக்கை அறை' என்று எழுதியிருந்த குழாயைத் தொட்டாள். போகும் தண்ணீர் கையைச் சுட்டது. திரும்பி வரும் குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பு. அவள் அப்படியே குந்திக்கொண்டு யோசித்தாள். முன்னே வந்த மூன்று பேரும் இதே குழாயைத் தொட்டிருப்பார்கள். வால்வில் சூடு இருக்கிறது, தரையில் இல்லை, ஆகவே நடுவில் ஏதோ கோளாறு, உடை என்றிருப்பார்கள். ஆனால் போகும்போது சுடுகிற தண்ணீர் வரும்போது ஆறி வருகிறதென்றால், அந்தச் சூட்டை யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். படுக்கை அறை வாங்கவில்லை. அப்படியென்றால் யார்?

"என்ன, உடைக்கணுமா?" என்றார் மான்கில்.

"பசிக்குது ஐயா," என்றாள் தோசுன்.

ஓக்ரிம் சிரித்துவிட்டாள். "இதையும் கேள்விப்பட்டிருக்கேன்."

பீன்ஸ் விழுதுக் குழம்பு, சோறு, வறுத்த நெத்திலி, கிம்ச்சி. ஓக்ரிம் மேல்கோட்டைக் கழற்றாமலே பரிமாறினாள். அவள் சாப்பிட்ட ஸ்பூன், உணவு வாங்கும் கடையில் பொட்டலத்தோடு கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பூன். மான்கில் அதைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தோசுன் கிம்ச்சியில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். காது வரை கூசியது. ஜனவரிக் கிம்ச்சி இப்படி இருக்காது. இது ஏப்ரல் மாதப் புளிப்பு.

"முகத்தைச் சுளிக்கிறதை மறைக்க வேண்டாம்," என்றாள் ஓக்ரிம். "நாப்பத்தெட்டு வருஷமா கிம்ச்சி போடறேன். போன வருஷம் வரைக்கும் தெருவே வந்து ஒரு கிண்ணம் வாங்கிட்டுப் போகும். இந்த வருஷம் மூணே வாரத்துல புளிச்சுக் கொழகொழன்னு ஆயிருச்சு. உப்பு குறைச்சல்னு இவர் சொல்றாரு."

"குறைச்சல்னு சொல்லலை. இருக்கலாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க." அவள் தோசுன் பக்கம் திரும்பினாள். "கையில பக்குவம் போயிருச்சும்மா. பக்குவம் போன கையை வெச்சுட்டு, குளிர்ந்த அறையில உக்காந்து என்ன பண்றது? மருமக வீடு பதினேழாவது மாடி. மூலை முடுக்கெல்லாம் ஒரே சூடாம்."

இதுதான் விஷயம் என்று தோசுனுக்குப் பட்டது. தரை பாதி, கிம்ச்சி பாதி. அந்தப் பாதியை மூன்று ரிப்பேர்க்காரர்களில் ஒருவனும் சாப்பிட்டுப் பார்த்திருக்கமாட்டான்.

"தரை எப்பலேர்ந்து சில்லுன்னு இருக்கும்மா?"

மான்கில் முந்திக்கொண்டார். "டிசம்பர் நாலு. குறிச்சு வெச்சிருக்கேன்."

"அது நீங்க முதல் ஆளைக் கூப்பிட்ட தேதி," என்றாள் ஓக்ரிம். "கிம்ச்சி போட்ட அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து. எனக்குத் தெரியாதா? அறுபது முட்டைக்கோசு கழுவி, உப்புப் போட்டு, மசாலா தடவி, இடுப்பு ரெண்டா முறிஞ்சு போச்சு. சூடான தரையில முதுகை வெச்சுப் படுத்தாப் போதும், எல்லாம் கரைஞ்சிரும்னு அன்னிக்குப் பகலெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். வந்து படுத்தா, தரை பனிக்கட்டி. அதை நான் மறப்பேனா? யாரும் என்னைக் கேக்கலை."

தோசுன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். கிம்ச்சி போட்ட சாயங்காலம் இவர் ஒரு வால்வை மூடுகிறார். அன்று ராத்திரி ஓர் அறை குளிர்கிறது. மூன்று வாரத்தில் கிம்ச்சி புளிக்கிறது. அவளுக்குள் சந்தோஷம் குப்பென்று கிளம்பியது. அதை அடக்கிக்கொண்டு இன்னொரு வாய் சோறு சாப்பிட்டாள். நல்ல நெத்திலி. விட மனசில்லை.

"ஐயா, கிம்ச்சி ஜாடி இருக்கிற அறையைப் பாக்கலாமா?"

"அங்க என்ன இருக்கு? அங்கதான் சூடே கிடையாதே."

"அம்மா அங்க போவாங்களா?"

"அவளுக்கு முழங்கால் வலி. ஜாடி தூக்கறது, எடுக்கறது எல்லாம் நான்தான்."

பின்னறை வாசலில் மான்கில் உரோமம் வைத்த தடிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். உள்ளே ஜன்னல் ஒரு விரல்கடை திறந்திருந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஆறு ஜாடிகள் வரிசையாகத் தரையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதியோடு டேப். தோசுன் வெறுங்காலை உள்ளே வைத்தாள். வைத்த காலை எடுக்காமல் இன்னொரு காலையும் வைத்தாள். பிறகு ஜாடிகளுக்கு நடுவே நின்று, வாயெல்லாம் பல்லாக அவரைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க ஐயா."

அவர் கழற்றினார். காலுறையோடு ஓர் அடி வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து கையை வைத்தார். அருகிலிருந்த ஜாடியின் அடியைத் தொட்டார். அது குளித்த குழந்தையின் வயிறுபோல் இதமாக இருந்தது.

"புது வால்வு வரிசையைத் திருப்பி மாட்டியிருக்காங்க," என்றாள் தோசுன் மெதுவாக. "தொட்டிக்கு அடியில இடம் பத்தலைன்னா அப்படித்தான் மாட்டுவோம். தப்பில்லை. வலது ஓரத்துல இருந்தது இடது ஓரத்துக்கு வந்துரும். மாட்டினவங்க சொல்லியிருப்பாங்களே."

மான்கில் இன்னொரு ஜாடியின் அடியையும் தொட்டுப் பார்த்தார். "சொல்லியிருப்பான்," என்றார். "ஸ்க்ரூ டிரைவரை எப்படிப் பிடிக்கணும்னு நான் அப்ப அவனுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நீங்க எழுதின எழுத்து அவ்வளவு சுத்தம் ஐயா. அதனாலதான் வந்தவங்க யாரும் சந்தேகப்படலை. தொடாதீர்னு போட்டிருந்துச்சு, தொடலை."

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட ரயிலைத் தப்பான தண்டவாளத்துல விட்டதில்லை." அவர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வெந்நீரைத் தப்பா விட்டுட்டேன். அவ இடுப்பு வலியோட படுக்க வந்த ராத்திரி, அவ தரையை நானே என் கையால மூடிட்டு, உப்பு குறைச்சல்னு சொல்லியிருக்கேன்."

தோசுனுக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. குழாயில் காற்று அடைத்திருந்தது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவருடைய மானம் தப்பும். ஆனால் ஓக்ரிமின் கை தப்பாது. அவள் வாயைத் திறக்கும் முன்பே மான்கில் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். மனைவியின் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"அறிக்கை," என்றார். "நவம்பர் இருபத்தேழு, சாயங்காலம் ஆறு மணிக்கு, பின்னறை வால்வுன்னு நெனச்சுப் படுக்கை அறை வால்வை மூடினது நான். கிம்ச்சியைச் சூட்டுல வெச்சதும் நான். உன் உப்புல குறை இல்லை. உன் கையில குறை இல்லை. முழுத் தப்பும் சிக்னல் ஆளோடது."

ஓக்ரிம் அவரைப் பார்த்தாள். தோசுனைப் பார்த்தாள். தோசுன் தலையாட்டினாள்.

"அப்ப என் கை?"

"நல்லா இருக்கு."

"ஒரு மாசமா நான் என் கையைத் திட்டிக்கிட்டிருந்தேனே." அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று இருவரும் பயந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அரிசி டப்பாவுல அரிசின்னு எழுதி ஒட்டினீங்களே. அதுல இருக்கிறதாவது அரிசிதானா?"

"திறந்து பாத்துட்டேன். அரிசிதான்."

பிறகு அவர் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். தோசுன் டேப்புகளை உரித்து மாற்றி ஒட்டினாள். பழைய வேலைப் பழக்கத்தில் அவர் வலதுகை விரலை நீட்டி, ஒவ்வொரு வால்வாகச் சுட்டிக் காட்டி, சத்தமாகச் சொன்னார். "கிம்ச்சி அறை, மூடியாச்சு. படுக்கை அறை, திறந்தாச்சு." குழாய்க்குள் தண்ணீர் சலசலத்துப் போகும் சத்தம் கேட்டது. தோசுனுக்கு உலகத்தில் பிடித்த சத்தம் அது.

மணி ஒன்று. ஓக்ரிம் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் பெட்டி இருந்த இடத்தில்தான் இருந்தது.

"டிக்கெட் எடுத்தாச்சு," என்றாள். "மருமககிட்ட வர்றேன்னு சொல்லியாச்சு. தரை சூடாச்சான்னு மட்டும் பாத்துட்டுக் கிளம்பறேன்."

மான்கில், "சரி," என்றார். போகாதே என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. அறிக்கை கொடுக்க வரும், இது வராது.

இரண்டு மாதம் செத்துக் கிடந்த தரை சட்டென்று சூடாகிவிடாது. தோசுன் தன் கால் சூடு உணராமல் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்புவதில்லை; ஆகவே அவளும் இருந்தாள். இரண்டு மணிக்குச் சுவரோரம் ஒரு கோடு வெதுவெதுத்தது. மூன்று மணிக்கு நடு அறை வரை வந்துவிட்டது. ஓக்ரிம் மேல்கோட்டோடு, கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் முதுகை வெச்சுப் பாக்கறேன்," என்று மல்லாந்து படுத்தாள். "அப்பாடா," என்றாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. மூச்சு சீராக வந்தது.

மூன்று இருபது. ஸ்டேஷனுக்கு நடந்தால் பதினைந்து நிமிஷம், பனியில் இருபது. மான்கில் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. வாயைத் திறந்தார், மூடினார். ஓர் ஆள் ரயிலைத் தவறவிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர் உடம்புக்கே ஒத்துக்கொள்ளாத காரியம். ஒரு கால் தானாகவே அறைக்குள் போனது. இன்னொரு கால் அதைப் பின்னுக்கு இழுத்தது. தோசுன் சுவரில் சாய்ந்து, தன் கால்விரல்களையே உலகில் இல்லாத அதிசயம்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஐம்பத்தைந்து. நாலு ஐந்து.

நாலு பத்துக்கு விசில் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மான்கில் ஜன்னல் பக்கம் திரும்பி விரலை நீட்டி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, புறப்பட்டது என்றார். கடைசிப் பெட்டி போகும்வரை விரலை இறக்கவில்லை.

"நேரத்துக்குக் கிளம்பிச்சா?" என்றாள் ஓக்ரிம், கண்ணைத் திறக்காமல்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நேரத்துக்குத்தான். நீ தூங்கறேன்னு நெனச்சேன்."

"எழுப்புறீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"எழுப்பலையே."

"எழுப்பியிருந்தா போயிருப்பேன்." அவள் ஒருக்களித்துப் படுத்தாள். "இடுப்புக்கு இந்தப் பக்கமும் கொஞ்சம் காயட்டும்."

மான்கிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்துக்கு வந்தவர், பெட்டியை மெதுவாகப் படுக்கவைத்துத் திறந்தார். மேலாகவே துணியில் சுற்றியிருந்த ஸ்பூனையும் குச்சியையும் எடுத்து, தொட்டியில் கழுவி, தன்னுடையது இருக்கும் குவளையில் சேர்த்து வைத்தார். அந்தக் குவளையில் மட்டும் டேப் இல்லை.

தோசுன் காலுறையைப் போட்டுக்கொண்டு, மான்கில் கொடுத்த புளித்த கிம்ச்சி ஜாடி ஒன்றை வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். குழம்பு வைக்க இதைவிடப் புளிப்பு கிடைக்காது. கேட்டைத் தாண்டியதும் பியோங்தேக்குப் போன் செய்தாள்.

"உடைக்கணுமா?" என்றான் அவன், டீவி சத்தத்துக்கு நடுவே.

"வேண்டாம்," என்றாள். "அடுப்புல தண்ணி வெச்சு வைங்க. வந்துக்கிட்டிருக்கேன்."